பொருளற்ற ஒலியும் எளிய சொல்லும்: ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படமும் மொழிபெயர்ப்புச் சிக்கல்களும்

அரசியல் அங்கதத் திரைப்படங்களுள் தனியிடம் பெற்றது, 1940ஆம் ஆண்டில் வெளிவந்த சார்லி சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’. ஹிட்லரை எள்ளும் இப்படத்தில், டோமேனியா என்னும் கற்பனை நாட்டின் சர்வாதிகாரி ஹின்கெல், அவரை உருவத்தில் ஒத்த யூத முடிதிருத்துநர் ஆகிய இரு வேடங்களையும் சாப்ளினே ஏற்றார். ஆள்மாறாட்டத்தால் முடிதிருத்துநர் நாட்டின் தலைவராகக் கருதப்பட்டு மேடையேறுகிறார். சாப்ளினின் முதல் முழுப் பேசும்படம் இதுவே. பேச்சை நெடுங்காலம் தவிர்த்துவந்த கலைஞர் பேச்சையே அங்கதக் கருவியாக்கியமை மொழியியலார் கருதத்தக்கது.

ஹின்கெலின் மேடையுரை ஜெர்மன் போல ஒலிக்கும். ஆனால் ஜெர்மன் அன்று. அம்மொழியை நினைவூட்டும் தொண்டையொலிகளும் மெய்ம்மயக்கங்களும் அதில் உண்டு. சீரான இலக்கண அமைப்பு இல்லை. இடையிடையே உணவுப் பெயர்கள் தெளிவாகக் கேட்கின்றன. கேட்போர் பொருளை அறியாமலே சினத்தையும் வெறுப்பையும் உணர்கின்றனர். சொற்பொருளைச் சாராமலும் ஒலிப்பாங்கு கருத்தைப் புலப்படுத்தவல்லது என்பதற்கு இது சான்றாகும்.

அவ்வுரையை ஆங்கிலத்தில் பெயர்த்துரைக்கும் குரலும் படத்திலேயே இடம்பெறுகிறது. ஹின்கெல் வெறிகொண்டு கத்தி முடித்தபின், அவர் யூத மக்களைப் பற்றிக் குறிப்பிட்டார் என்று மட்டும் அக்குரல் அமைதியாகக் கூறுகிறது. கூற்றில் பொய்யில்லை, ஆயினும் வெறுப்பு முற்றிலும் மறைக்கப்பட்டுவிட்டது. உணர்வைக் கைவிடும் மொழிபெயர்ப்பு கொடுமைக்குத் திரையாகவும் அமையக்கூடும் என்பதே இக்காட்சியின் குத்தல்.

இப்படத்தைத் தமிழில் பெயர்ப்போர் மூன்று சிக்கல்களை எதிர்கொள்ள நேரும்.

முதலாவது, போலிமொழி. இதற்குப் பொருளுடைய தமிழ்த் தொடர்களை அமைத்தால் அங்கதமே அழிந்துவிடும். மூல ஒலியை அவ்வாறே விடுத்து, ஆங்கிலக் குரலை மட்டும் தமிழாக்குவதே தக்கது.

இரண்டாவது, பெயர்கள். அமைச்சர் கார்பிட்ச் என்பவரின் பெயர், ஆங்கிலத்தில் குப்பையைக் குறிக்கும் சொல்லையும் கோயபல்ஸின் பெயரையும் ஒருங்கே நினைவூட்டுவது. ஒலிபெயர்ப்பில் இச்சிலேடை மறைகிறது. நப்பலோனி ஆளும் நாடாகிய பாக்டீரியாவோ தமிழருக்கு விளக்கமின்றியே விளங்கும். ஒரே படத்தின் பெயர்களுக்கும் ஒரே விதி பொருந்துவதில்லை.

மூன்றாவது, இறுதியுரை. பேரரசனாக விருப்பமில்லை என்று தயங்கித் தொடங்கும் முடிதிருத்துநர், படிப்படியாக உணர்ச்சி மிகுந்து மானுட நேயத்தை வலியுறுத்துகிறார். இவ்வுரையைத் தொடக்கம் முதலே எதுகை மோனையுடன் கூடிய மேடைத்தமிழில் பெயர்த்தால், எளிய மனிதர் மற்றொரு மேடைப் பேச்சாளராகிவிடுவார். தொடக்கத்தில் குறுந்தொடர்களும் வழக்குச் சொற்களும் அமைதல் வேண்டும். நடை பின்னரே உயர்தல் வேண்டும்.

இருவருக்கும் முகம் ஒன்றே. வேற்றுமை மொழியில் உள்ளது. அவ்வேற்றுமை பெயர்ப்பில் அழியுமாயின், தலைவர் மாறியதையே பார்வையாளர் உணரார்.