பல்லா, அடியா?

லேத் பட்டறை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: "இன்டென்டேஷன் என்றால் எஃகில் விழுகிற குழி என்றே இத்தனை காலம் நினைத்திருந்தேன். பைத்தான் படிக்கும் என் மகள், வரியின் தொடக்கத்தில் விடும் இடம் என்கிறாள். யார் சொல்வது சரி?"

இரண்டும் சரி. ஏனென்றால் அவை இரண்டு சொற்கள். மகளுடையது லத்தீன் 'பல்'லிலிருந்து வந்தது. இருவர் ஒப்பந்தத்தை ஒரே தோலில் இருமுறை எழுதி, பல் பல்லாக வெட்டி, ஆளுக்கொரு பாதி வைத்துக்கொண்ட காலத்துச் சொல். உங்களுடையது 'அடி' என்று பொருள்படும் பழைய ஆங்கிலச் சொல்லின் வாரிசு. எழுத்து ஒன்றாகிவிட்டதால் குழப்பம்.

எனக்குப் பிடித்தது உங்கள் குழிதான். மாம்பழத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்துக் கடைக்காரம்மாவிடம் திட்டு வாங்குகிறவன் நான். 1900இல் சுவீடன் நாட்டுப் பிரினெல் செய்ததும் அதைத்தான். விரலுக்குப் பதில் 10 மி.மீ. எஃகுக் குண்டு, 3000 கிலோ சுமை. குழி அகலமானால் உலோகம் மெது.

இதில் ஒரு தொல்லை. சுமையைக் கூட்டினால் குண்டு ஆழமாக இறங்கும்; குழியின் வடிவமே மாறி, கடினத்தன்மை எண்ணும் மாறும். கூர்நுனி வைரமென்றால், எவ்வளவு இறங்கினாலும் குழி அதே வடிவம்தான். 1920களில் இங்கிலாந்தின் விக்கர்ஸ் நிறுவனத்தில் ஸ்மித்தும் சாண்ட்லண்டும் நான்முக வைரப் பிரமிடைக் கொண்டுவந்தார்கள். எதிரெதிர் முகங்களுக்கு இடையே 136 டிகிரி. ஏன் 136? பிரினெல் குழியின் அகலம் குண்டின் விட்டத்தில் கால் பங்குக்கும் அரைப் பங்குக்கும் நடுவில் இருப்பது நல்லது என்பார்கள். நடு மதிப்பு 0.375. அந்த அளவு குழியின் விளிம்பில் குண்டுக்கு இருபுறமும் தொடுகோடு வரைந்தால், அவை சந்திக்கும் கோணம் 136! புதுக் கருவி பழைய எண்களோடு ஒத்துப்போகப் பார்த்துப் பார்த்துச் செய்த மரியாதை இது.

அந்த மரியாதை நம்மிடம் குறைவு. 'ஹார்ட்னஸ் 60' என்று மட்டும் எழுதி அனுப்புகிறார்கள். எந்த அளவுகோலில் என்று யார் சொல்வது? குழி போடும் இடத்திலும் அதே அலட்சியம்தான். குழி விழுந்தால் சுற்றியுள்ள உலோகம் இறுகும். அதனால் அடுத்த குழிக்கு, மையத்திலிருந்து மையத்துக்கு, குழி அகலத்தைப்போல் மூன்று மடங்காவது இடைவெளி வேண்டும். ஒரு பட்டறையில் எந்திரத்தைச் சரிபார்க்கும் மாதிரிக் கட்டையைப் பார்த்தேன். அம்மைத் தழும்பு முகம்போல, குழிமேல் குழி. புதிது வாங்கக் கூடாதா என்றேன்.

"இன்டென்ட் போட்டிருக்கோம் சார், இன்னும் வரலை."