குழந்தைப்பேறு சிகிச்சை: முன்பணம் கட்டுமுன் அறிய வேண்டியவை

சென்ற ஆண்டு எங்கள் கிளைக்கு ஒரு தம்பதியர் வந்தனர். நிலையான வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன்பே முடித்துத் தருமாறு கேட்டனர். காரணத்தைத் தயக்கத்துடன் கூறினர்: செயற்கைக் கருத்தரிப்புச் சிகிச்சை. மருத்துவமனை எழுதித் தந்த தொகையில் எவை அடங்கும் என்று வினவினேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இக்கட்டுரை அவர்களைப் போன்றோருக்காக எழுதப்படுகிறது.

சிகிச்சை என்பது யாது?

ஐ.வி.எஃப். முறையில், சுமார் பத்துப் பன்னிரண்டு நாட்கள் ஊசி மருந்து செலுத்தி, பெண்ணின் சினைப்பையில் பல கருமுட்டைகள் முதிரச் செய்வர். அவற்றை வெளியே எடுத்து, ஆய்வகத்தில் விந்தணுவுடன் இணைத்து, மூன்று அல்லது ஐந்து நாட்கள் வளர்ந்த கருவைக் கருப்பையில் வைப்பர். ஏறக்குறைய இரு வாரங்களுக்குப் பின் இரத்தப் பரிசோதனை முடிவைச் சொல்லும். இது ஒரு சுற்று. ஒரே சுற்றில் பலன் கிட்டும் என்ற உறுதி எவருக்கும் இல்லை.

சட்டம் கூறுவது

உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்ப (ஒழுங்குமுறை) சட்டம், 2021, நாடு முழுவதற்கும் பொதுவானது. இதன்படி ஒவ்வொரு சிகிச்சை மையமும் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். பதிவு ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். சான்றிதழ் அனைவரும் காணுமாறு வைக்கப்பட வேண்டும். முதல்நிலை மையத்தில் விந்தணுவைக் கருப்பைக்குள் செலுத்தும் சிகிச்சை மட்டுமே செய்யலாம், ஐ.வி.எஃப். செய்ய இரண்டாம் நிலைப் பதிவு தேவை. சான்றிதழில் நிலையையும் காலாவதி நாளையும் பாருங்கள்.

பெண்ணுக்கு வயது 21-க்கு மேலும் 50-க்குக் கீழும், ஆணுக்கு 21-க்கு மேலும் 55-க்குக் கீழும் இருத்தல் வேண்டும். எழுத்து மூலமான ஒப்புதலின்றிச் சிகிச்சை கூடாது. கரு கருப்பையில் வைக்கப்படும் வரை ஒப்புதலைத் திரும்பப் பெறும் உரிமை தம்பதியருக்கு உண்டு. கொடையாளரின் கருமுட்டையோ விந்தணுவோ தேவைப்பட்டால், பதிவு பெற்ற வங்கி வழியாகவே பெற வேண்டும். பிறக்கும் குழந்தை சட்டப்படி தம்பதியரின் சொந்தக் குழந்தையே. குழந்தையின் பாலினத்தைத் தெரிவு செய்தல் குற்றம். அவ்வாறு ஆசை காட்டும் இடத்தை விட்டு உடனே வெளியேறுங்கள்.

மையத்தில் கேட்க வேண்டியவை

வெற்றி வாய்ப்பு, செலவு, பக்கவிளைவு, இரட்டைக் கருவின் ஆபத்து ஆகியவற்றை விளக்குவது மையத்தின் சட்டக் கடமை. ஆதலால் கூச்சமின்றிக் கேளுங்கள். விளம்பரத்தில் காணும் விழுக்காடு பரிசோதனையில் கரு உறுதியானவர்களின் கணக்காக இருக்கலாம். உங்கள் வயதுப் பிரிவில், தொடங்கிய சுற்றுகளுள் எத்தனை குழந்தைப் பிறப்பில் முடிந்தன என்பதே சரியான வினா.

தொகையைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஊசி மருந்து, மயக்க மருந்து, கருவை உறையவைத்தல், ஆண்டுதோறும் பாதுகாப்புக் கட்டணம், உறைந்த கருவைப் பின்னர் வைத்தல் ஆகியவை உள்ளடங்கியனவா? சுற்று இடையில் கைவிடப்பட்டால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? இச்சிகிச்சைக் கட்டணத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரி விலக்கு உண்டு என்பதையும் நினைவிற்கொள்க. குறையிருப்பின் முறையிட, ஒவ்வொரு மையமும் குறைதீர்ப்புப் பிரிவு வைத்திருக்க வேண்டும்.

பணத்தைத் திட்டமிடல்

பெரும்பாலான மருத்துவக் காப்பீடுகள் மலட்டுத்தன்மைச் சிகிச்சையை விலக்கியுள்ளன. சில திட்டங்கள் காத்திருப்புக் காலத்துக்குப் பின் ஏற்கின்றன. பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். வைப்பை முடிப்பதைவிட, அதன் பேரில் கடன் பெறுதல் பல வேளைகளில் இலாபகரமானது. எல்லாவற்றுக்கும் மேலாக, எத்தனை சுற்றுகள், எவ்வளவு தொகை என்ற வரம்பைத் தொடங்குமுன்பே இருவரும் பேசி முடிவு செய்யுங்கள். ஏமாற்றம் நேர்ந்த மறுநாள் அம்முடிவை எடுப்பது கடினம்.

அத்தம்பதியர் மறுவாரம் திரும்பி வந்தனர். மருந்துச் செலவு முதல் மதிப்பீட்டில் சேர்க்கப்படவில்லை என்று அறிந்திருந்தனர். வைப்பை முடிக்காமல், அதன் பேரில் தேவையான அளவே கடன் பெற்றுச் சென்றனர். இரண்டாம் சுற்றுக்கு வேண்டிய பணம் அவர்கள் கணக்கிலேயே இருந்தது.