கவிழ்ந்தாலும் காக்கும் கூண்டு

(இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவன்)

மோட்டார்ப் பந்தயம் என்றவுடன் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது வேகம் ஒன்றுதான். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் கார்கள் சீறிய காலம் போய், 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்திற்கென்றே ஒரு தளம் இருக்கிறது. அங்கு ஓடும் கூரையுள்ள கார் ஒன்றின் கதவைத் திறந்து பார்த்தால் மெத்தையோ அலங்காரமோ இராது. ஓட்டுநர் இருக்கையைச் சுற்றி இரும்புக் குழாய்கள் பின்னிக் கிடக்கும். இதனை 'ரோல் கேஜ்' என்பர். கார் உருளும்போது கூரை நசுங்கி ஓட்டுநரின் தலைமேல் இறங்காமல் தாங்குவதே இதன் பணி. நல்ல கூண்டு எது என்று தெரிந்துகொள்ள நாம் வகுப்பில் படிக்கும் இயற்பியலே பெரும்பாலும் போதும்.

கூண்டின் முதுகெலும்பு, ஓட்டுநருக்குப் பின்னால் தரையிலிருந்து எழுந்து கூரையை ஒட்டிச் சென்று மறுபுறம் இறங்கும் பெரிய வளைவு. பந்தயங்களுக்கு உலக அளவில் விதி வகுக்கும் எஃப்.ஐ.ஏ., இதற்குக் குறைந்தது 45 மி.மீ. விட்டமும் 2.5 மி.மீ. சுவர்த் தடிப்பும், அல்லது 50 மி.மீ. விட்டமும் 2 மி.மீ. தடிப்பும் கேட்கிறது. குழாய் எதற்கு, கெட்டிக் கம்பியே போட்டால் என்ன எனலாம். கணக்கிட்டுப் பார்த்தேன். முதலில் சொன்ன குழாய் மீட்டருக்கு ஏறத்தாழ 2.6 கிலோ எடை. அதே எடையுள்ள கெட்டிக் கம்பியின் விட்டம் 20.6 மி.மீ.தான் வரும். வளைவை எதிர்ப்பதிலோ குழாய் அக்கம்பியைவிட 8.5 மடங்கு விறைப்பானது! மூங்கிலின் இரகசியமும் இதுவே அன்றோ?

அடுத்து, எந்த இரும்பு? மிகக் கடினமானதே நல்லது என்று எண்ணுவது தவறு. கரி மிகுந்த எஃகு வெல்டிங் சூட்டுக்குப்பின் இணைப்பருகே நொறுங்கும் தன்மை பெறும். கூண்டு முறியக் கூடாது. வளைந்து வளைந்து மோதலின் ஆற்றலை வாங்கிக்கொள்ள வேண்டும். ஆகவே கரி 0.3 விழுக்காட்டுக்கு மேற்படாத, குளிர்நிலையில் இழுத்துச் செய்த, தையலற்ற எஃகுக் குழாயே விதி.

விடுமுறையில் நான் வேலை செய்யும் வெல்டிங் பட்டறைக்கு ஒருவர் பழைய காரையும் தண்ணீர்க் குழாய்களையும் கொண்டுவந்தார். "இதையே வளைத்துப் போடுங்கண்ணே, பெயிண்ட் அடித்துவிட்டால் யாருக்குத் தெரியும்?" என்றார். எங்கள் அண்ணன் முடியாது என்று அனுப்பிவிட்டார். நீளவாக்கில் தையலும் மேலே துத்தநாகப் பூச்சும் உள்ள குழாய் அது. பூச்சு வெல்டிங்கைக் கெடுக்கும், புகையும் நச்சு. அன்றைய கூலி போயிற்று என்றாலும் அவர் செய்தது சரி என்பதே என் எண்ணம். வந்தவர் வேறு பட்டறை தேடியிருப்பார் என்பதுதான் உறுத்துகிறது.

நான்கு கம்பிகளைச் சதுரமாக இணைத்து ஒரு மூலையைத் தள்ளினால் சாய்ந்துவிடும், முக்கோணம் சாயாது. பெரிய வளைவுக்குள் மூலைவிட்டமாக ஒரு குழாய் இல்லாத கூண்டை வாங்கவே வேண்டாம். வெல்டிங் குழாயைச் சுற்றி முழுமையாக இருக்க வேண்டும். கூரையை ஒட்டிய பக்கத்தில் கை நுழையாது; பலர் அதை அப்படியே விட்டுவிடுவர். விலை பேசுமுன் சிறு கண்ணாடி ஒன்றை அங்கே நீட்டிப் பார்ப்பது நல்லது.

கூண்டின் பாதங்களையும் பார்க்க வேண்டும். காரின் தரைத்தகடு மெல்லியது. குழாயை நேரே அதில் வைத்தால் மோதலில் தகட்டைக் குத்திக் கிழித்து இறங்கிவிடும். ஈரமண்ணில் கட்டில் காலுக்குக் கீழே பலகைக் கல் வைக்கிறோமே, அதே தத்துவந்தான். விதிப்படி 3 மி.மீ. தடிப்பும் 120 சதுர செ.மீ. பரப்பும் உள்ள தகடாவது அடியில் வேண்டும்.

இவ்வளவும் சரியாக இருந்தாலும் தலையும் குழாயும் மோதினால் குழாய் வளையாது. தலைக்கவசம், தோள்களையும் இடுப்பையும் இறுக்கும் பட்டைகள், தலை படக்கூடிய இடங்களில் உறுதியான பஞ்சுறை ஆகியவற்றோடு சேர்ந்தால்தான் கூண்டு காக்கும். சாலையில் ஓட்டும் காருக்கு அழகுக்காகப் பொருத்துவோரும் உளர். வெறுந்தலையுடன் அமர்பவருக்குச் சிறு மோதலே மண்டையை உடைக்கப் போதும். அவர்கள் அதனைக் கழற்றிவிட்டு, காரோடு வந்த பெல்ட்டை ஒழுங்காக மாட்டிக்கொள்வது மேல்.