சபையின் நாளைய பொறுப்பாளர்

மும்பை கிங்ஸ் சர்க்கிளை நாம் அறிவோம். 1952-இல் தோன்றிய ஸ்ரீ சண்முகானந்தா சபை, அங்கு 1963-இல் பேரரங்கு ஒன்றை எழுப்பியது. 1990-இல் தீ அதனைச் சிதைத்தது. பெரியோர் மனந்தளரவில்லை, 1998-இல் அரங்கு மீண்டும் திறக்கப்பெற்றது. அத்தகைய சோதனை இனி ஒருமுறை நேருமாயின், தோள் கொடுக்க நிற்போர் யார்? இவ்வினாவை நாம் தள்ளிப்போடலாகாது.

நம் பிள்ளைகள் பாட்டும் பரதமும் பயில்கின்றனர். எனினும், சபை என்பது மேடை மட்டுமன்று. வித்துவானுக்குக் கடிதம் எழுதுதல், நுழைவுச்சீட்டு விற்றல், ஒலிபெருக்கியைச் சரிபார்த்தல், நன்கொடைக்குக் கணக்கு வைத்தல் ஆகியவற்றை நூலில் கற்க இயலாது. உடனிருந்தே பழக வேண்டும். குருகுலத்தில் இசையைக் கற்பித்த முறையும் அதுவேயன்றோ?

அயல்நாடுகளில் குடியேறிய சமூகத்தார் பலர், தம் பண்பாட்டு நிலையங்களில் இளைஞரைச் சின்னாட்கள் பயிலுநராக அமர்த்துகின்றனர். நாமும் அவ்வாறு செய்யலாம். கோடை விடுமுறையில் இரு திங்கள் போதும். ஒவ்வோர் இளைஞருக்கும் வழிகாட்டும் மூத்தவர் ஒருவர், முடித்துக் காட்ட வேண்டிய பணி ஒன்று, போக்குவரவுச் செலவுக்குச் சிறு தொகை, இறுதியில் ஒரு சான்றிதழ்: இவை இருப்பின் பயிற்சி உருப்பெறும். வெறும் நாற்காலி எடுத்துப்போட மட்டும் அழைத்தால் எவரும் மறுமுறை வாரார்.

இதனால் விளையும் நன்மை இன்னுமொன்று உண்டு. வீட்டில் தமிழ் பேசியும் எழுதப் படிக்க அறியாத பிள்ளை, அழைப்பிதழ் ஒன்றைத் தமிழில் எழுத முற்படும்பொழுது, எழுத்து அதற்குத் தேவையாகிறது. தேவையான மொழியே நிலைக்கும்.

கட்டடத்தை நம் முன்னோர் தந்தனர். அதனைக் காக்கும் கைகளைப் பழக்குவது நம் கடன்.