நச்சுநிரல் தடுப்பு மென்பொருளை நிறுவ முடியாமை: காரணங்களும் தீர்வுகளும்

நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் என்பது கணினிக்குள் நுழையும் தீங்கான நிரல்களைக் கண்டறிந்து தடுக்கவும் நீக்கவும் பயன்படும் மென்பொருள் ஆகும். பேச்சு வழக்கில் இது ஆன்டிவைரஸ் எனப்படுகிறது. வீட்டுக் கணினியில் இதனை நிறுவ முயலும்போது சில வேளைகளில் நிறுவல் பாதியில் நின்றுவிடும். சில வேளைகளில் பிழைச்செய்தி தோன்றும். சில வேளைகளில் நிறுவிக் கோப்பை எத்தனை முறை சொடுக்கினாலும் எதுவும் நிகழாது.

இதற்கான காரணங்களை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, கணினியின் நிலை தொடர்பானது: பழைய இயங்குதளம், தவறான நாள், முந்தைய மென்பொருளின் மிச்சங்கள் போன்றவை. இரண்டாம் வகை, கணினிக்குள் ஏற்கெனவே புகுந்துவிட்ட நச்சுநிரலே நிறுவலைத் தடுப்பது. முதல் வகையாயின் பொறுமையாகச் சரிசெய்துகொள்ளலாம். இரண்டாம் வகையாயின், அந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறப்பதே ஆபத்து. ஆகவே மீண்டும் மீண்டும் நிறுவ முயல்வதற்கு முன், தடை எந்த வகையைச் சேர்ந்தது என்று அறிவதே முதல் வேலை.

இக்கட்டுரை விண்டோஸ் இயங்குதளம் உள்ள வீட்டுக் கணினிகளைப் பற்றியது.

மற்ற மென்பொருள்களிலிருந்து வேறுபாடு

ஒரு சொற்செயலியோ படம் பார்க்கும் மென்பொருளோ இயங்குதளத்தின் மேல்தளத்தில் இயங்குகிறது. நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் அப்படியன்று. ஒவ்வொரு கோப்பும் திறக்கப்படும்போது அதனைச் சோதிக்க வேண்டியிருப்பதால், இயங்குதளத்தின் கருவகம் வரை சென்று தன் இயக்கிகளைப் பதிக்கிறது. அந்த ஆழத்தில் எதையும் பதிக்க விண்டோஸ் எளிதில் இசைவதில்லை. மென்பொருளின் எண்முறைக் கையொப்பம் செல்லுமா, அதே இடத்தில் வேறொரு காவல் மென்பொருள் உள்ளதா என்றெல்லாம் பார்க்கப்படும். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் நிறுவல் நின்றுவிடும். பிற மென்பொருள்கள் எல்லாம் ஏறும் கணினியில் இது மட்டும் ஏறாமல் போவதற்கு இதுவே காரணம்.

தொடங்கும் முன் அறிய வேண்டியவை

விண்டோஸ் 8 முதல் இயங்குதளத்துடனேயே டிஃபெண்டர் என்னும் நச்சுநிரல் தடுப்பு மென்பொருள் வருகிறது. சென்னையைச் சேர்ந்த கே7, புனேயைச் சேர்ந்த குவிக் ஹீல் போன்ற வேறொரு மென்பொருளை நிறுவினால் டிஃபெண்டர் தானாகவே ஒதுங்கிக்கொள்ளும். அதனை நாமே முன்கூட்டி நிறுத்த வேண்டியதில்லை. புதியது ஏறாத நிலையில் டிஃபெண்டரையும் நிறுத்திவிட்டால் கணினிக்குக் காவலே இராது.

விண்டோஸ் செக்யூரிட்டி என்னும் பக்கத்தைத் திறந்து, டிஃபெண்டர் இயங்குகிறதா, அதன் நச்சுநிரல் பட்டியல் அண்மையில் புதுப்பிக்கப்பட்டதா என்று பாருங்கள். இரண்டும் சரியாக இருந்தால் பதற்றம் வேண்டாம். கணினி பாதுகாப்பில்தான் உள்ளது. சிக்கலை நிதானமாக ஆராயலாம். டிஃபெண்டர் நின்றுபோயிருந்து, அதனை இயக்கவும் முடியவில்லை என்றால் அதுவே ஓர் எச்சரிக்கை.

கணினியின் நிலையால் வரும் தடைகள்

1. முழுமையற்ற நிறுவிக் கோப்பு. கைப்பேசி இணைப்பில் பதிவிறக்கும்போது இடையில் தொடர்பு அறுந்தால் கோப்பு குறைபட்டுவிடும். அதன் மேல் வலச்சொடுக்குச் செய்து பண்புகள் பகுதியில் எண்முறைக் கையொப்பத்தைப் பாருங்கள். நிறுவனத்தின் பெயர் இருந்து, கையொப்பம் செல்லும் என்று வந்தால் கோப்பு முழுமையானது. இல்லாவிட்டால் அதனை அழித்துவிட்டு, நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலிருந்து மீண்டும் பதிவிறக்குங்கள். பல நிறுவனங்கள் இரண்டு வகைக் கோப்புகளை வழங்குகின்றன. சிறிய கோப்பு, நிறுவும் நேரத்தில் மீதியை இணையத்திலிருந்து இழுத்துக்கொள்ளும். பெரிய கோப்பில் எல்லாம் அடங்கியிருக்கும். இணைப்பு மெதுவாக உள்ள இடங்களுக்குப் பெரிய கோப்பே ஏற்றது.

2. முந்தைய மென்பொருளின் மிச்சம். இதுவே மிகுதியாகக் காணப்படும் காரணங்களுள் ஒன்று. கணினி வாங்கியபோது சோதனைக் காலத்துக்கு இலவசமாக வந்த காவல் மென்பொருள், காலம் முடிந்த பின்னும் உள்ளே இருக்கும். அதனை வழக்கமான முறையில் நீக்கினாலும் அதன் இயக்கிகளும் பதிவகக் குறிப்புகளும் தங்கிவிடுவதுண்டு. புதிய மென்பொருள் அவற்றைக் கண்டதும் நின்றுவிடும். இதற்கென்றே பெரும்பாலான நிறுவனங்கள் தனியான நீக்கும் கருவியை இலவசமாகத் தருகின்றன. பழைய மென்பொருளின் நிறுவனத் தளத்திலிருந்து அந்தக் கருவியைப் பெற்று இயக்கி, கணினியை மறுதொடக்கம் செய்த பிறகு புதியதை நிறுவ வேண்டும்.

3. பாதியில் நின்ற நிறுவல். ஆடிக்காற்றுக் காலத்தில் தென்காசி, சுரண்டை வட்டாரத்தில் மின்சாரம் போய்ப் போய் வருவது வழக்கம். நிறுவல் நடக்கும்போது மேசைக் கணினி அணைந்துவிட்டால் பாதிக் கோப்புகள் உள்ளே கிடக்கும். மறுமுறை நிறுவும்போது அவையே தடையாகும். இங்கும் அதே நிறுவனத்தின் நீக்கும் கருவி உதவும். பிழை எண் 1618 தோன்றினால், வேறொரு நிறுவல் அதே நேரத்தில் நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது முடியும் வரை காத்திருப்பதோ ஒருமுறை மறுதொடக்கம் செய்வதோ போதும்.

4. தவறான நாள். பலரும் நினைத்துப் பார்க்காத காரணம் இது. மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் சிஆர்2032 என்னும் பொத்தான் வடிவ மின்கலம் உண்டு. கணினி அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். சில ஆண்டுகளில் அது தீர்ந்ததும், ஒவ்வொரு முறை இயக்கும்போதும் கணினியின் நாள் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். எண்முறைச் சான்றிதழ் ஒவ்வொன்றுக்கும் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. கணினி தன்னை 2009ஆம் ஆண்டில் இருப்பதாக எண்ணினால், இன்றைய சான்றிதழ் அதற்குச் செல்லாச் சீட்டு. இணையதளங்களும் பாதுகாப்பற்றவை என்று காட்டப்படும். நாளையும் நேரத்தையும் திருத்தினாலே பெரும்பாலும் சிக்கல் தீரும். மறுநாள் மீண்டும் நாள் மாறியிருந்தால் மின்கலத்தை மாற்ற வேண்டும். அதன் விலை மிகக் குறைவு.

5. பழைய இயங்குதளம். விண்டோஸ் 7க்கான மைக்ரோசாப்டின் ஆதரவு 2020 ஜனவரி 14 அன்றும், விண்டோஸ் 8.1க்கானது 2023 ஜனவரி 10 அன்றும், விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்றும் முடிந்தன. விண்டோஸ் 7இல் இன்னொரு சிக்கலும் உண்டு. இன்றைய மென்பொருள்கள் எஸ்எச்ஏ-2 என்னும் முறையில் கையொப்பமிடப்படுகின்றன. பழைய விண்டோஸ் 7க்கு அதனை முழுமையாகப் படிக்கத் தெரியாது. 2019இல் வெளியான கேபி4474419 என்னும் புதுப்பிப்பு அந்தத் திறனைத் தருகிறது. அது இல்லாத கணினியில் புதிய காவல் மென்பொருளின் இயக்கிகள் ஏற்கப்படா. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளுள் பழையவற்றை இன்னும் பயன்படுத்துவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

6. எஸ் மோடு. சில புதிய மடிக்கணினிகள் எஸ் மோடு என்னும் கட்டுப்பாட்டுடன் வருகின்றன. அதில் மைக்ரோசாப்ட் ஸ்டோரிலிருந்து வரும் செயலிகள் மட்டுமே ஏறும். அதிலிருந்து கட்டணமின்றி வெளியேறலாம். ஆனால் திரும்ப அதற்குள் போக முடியாது.

7. இடமும் உரிமையும். சி வட்டில் குறைந்தது 5 ஜிபி காலியாக இருப்பது நல்லது. நிர்வாகி உரிமை உள்ள கணக்கிலிருந்தே நிறுவ வேண்டும். சேஃப் மோடில் நிறுவ முயல்வது பொதுவாகப் பயன் தராது. அந்த நிலையில் விண்டோஸின் நிறுவல் சேவை இயங்குவதில்லை.

நச்சுநிரலே தடுக்கும்போது

மேற்கண்ட ஏழும் சரியாக இருந்தும் நிறுவல் நடக்கவில்லை என்றால் இரண்டாம் வகையை ஐயுற வேண்டும். கணினியில் புகுந்த நச்சுநிரல் முதலில் செய்ய விரும்புவது தன்னைப் பிடிக்க வருபவரைத் தடுப்பதே.

2008 நவம்பரில் பரவத் தொடங்கிய கான்ஃபிக்கர் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. விண்டோஸில் இருந்த ஒரு குறையை அது பயன்படுத்திக்கொண்டது. அந்தக் குறைக்கான திருத்தத்தை மைக்ரோசாப்ட் அதற்கு முந்தைய மாதமே, 2008 அக்டோபர் 23 அன்று, வெளியிட்டிருந்தது. அதனை நிறுவாத கணினிகளே சிக்கின. அதன் பிந்தைய வடிவங்கள் பென் டிரைவ் வழியாகவும் பரவின. கணினிக்குள் வந்ததும் கான்ஃபிக்கர் விண்டோஸ் புதுப்பிப்பை நிறுத்தியது. காவல் மென்பொருள் நிறுவனங்களின் தளங்கள் திறக்காதபடி செய்தது. மற்றத் தளங்கள் எல்லாம் வழக்கம்போலத் திறந்ததால் பலருக்கு ஐயமே எழவில்லை. 2009 பிப்ரவரியில் இதனை உருவாக்கியவர்களைப் பற்றித் துப்புக் கொடுப்போருக்கு 2,50,000 டாலர் பரிசு தருவதாக மைக்ரோசாப்ட் அறிவித்தது.

சாலிட்டி என்னும் நச்சுநிரல் இன்னொரு வழியைக் கையாண்டது. அது கணினியில் உள்ள இயங்கு கோப்புகளுக்குள் தன்னை ஒட்டிக்கொள்ளும். பதிவிறக்கி வைத்த நிறுவிக் கோப்பையும் அது விட்டுவைக்காது. எனவே நல்ல தளத்திலிருந்து எடுத்த கோப்பும் சேமித்த சிறிது நேரத்தில் கெட்டுவிடும். பணி மேலாளரையும் சேஃப் மோடையும் அது முடக்கியது. வொன்டீரா என்னும் விளம்பர நிரலோ, காவல் மென்பொருள் நிறுவனங்களின் சான்றிதழ்களை விண்டோஸின் நம்பத்தகாதவை பட்டியலில் சேர்த்துவிட்டது. அதன் பிறகு அந்த நிறுவனங்களின் மென்பொருளை விண்டோஸே ஏற்க மறுத்தது.

இவற்றிலிருந்து நாம் கவனிக்க வேண்டிய அறிகுறிகள் பின்வருமாறு:

- மற்றத் தளங்கள் திறக்கின்றன. காவல் மென்பொருள் நிறுவனங்களின் தளங்கள் மட்டும் திறப்பதில்லை. அதே இணைப்பில் கைப்பேசியில் அவை திறக்கின்றன.
- விண்டோஸ் புதுப்பிப்பும் டிஃபெண்டரும் நின்றுபோயிருக்கின்றன. மீண்டும் இயக்கினாலும் நிற்கின்றன.
- பணி மேலாளரைத் திறக்க முடியவில்லை.
- வீட்டுக் கணினியிலேயே, நிர்வாகி இந்தச் செயலியைத் தடுத்துள்ளார் என்ற செய்தி வருகிறது.
- நிறுவிச் சாளரம் தோன்றிய நொடியே மறைகிறது.

இவற்றுள் ஒன்று மட்டும் தென்பட்டால் வேறு காரணம் இருக்கலாம். இரண்டு மூன்று சேர்ந்து தென்பட்டால் கணினி தொற்றுக்கு ஆளாகியிருப்பதாகவே கொண்டு செயல்பட வேண்டும்.

தொற்று உள்ள கணினியில் செய்ய வேண்டியவை

முதலில் கணினியை இணையத்திலிருந்து துண்டியுங்கள். வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களை அந்தக் கணினியில் மாற்றாதீர்கள். தூய்மையான வேறொரு கருவியில் மாற்றுங்கள்.

அடுத்து, நச்சுநிரல் விழித்துக்கொள்ளும் முன் அதனைத் தேட வேண்டும். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டிஃபெண்டரின் தேடல் வகைகளுக்குள் ஆஃப்லைன் ஸ்கேன் என்று ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தால் கணினி மறுதொடக்கமாகி, விண்டோஸ் முழுமையாக எழும் முன்பே தேடல் நடக்கும். ஏறத்தாழ 15 நிமிடம் ஆகும். டிஃபெண்டரே முடங்கியிருந்தால், தூய்மையான வேறொரு கணினியில் மீட்பு வட்டு தயாரித்து, அதிலிருந்து கணினியை எழுப்பித் தேடலாம். பல காவல் மென்பொருள் நிறுவனங்கள் இதனை இலவசமாகத் தருகின்றன.

நிறுவத் தேவையில்லாத தேடற்கருவிகளும் உள்ளன. மைக்ரோசாப்டின் சேஃப்டி ஸ்கேனர் அத்தகையது. பதிவிறக்கிய 10 நாள்களில் அது காலாவதியாகும் என்பதால் ஒவ்வொரு முறையும் புதிதாக எடுக்க வேண்டும். இந்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா என்னும் மையத்தின் தளத்திலும் இலவச நீக்கும் கருவிகள் கிடைக்கின்றன.

தேடல் முடிந்து தொற்று நீங்கிய பின், ஹோஸ்ட்ஸ் கோப்பைப் பாருங்கள். அது விண்டோஸ் கோப்புறையில் சிஸ்டம்32, அதற்குள் டிரைவர்ஸ், அதற்குள் ஈடிசி என்னும் இடத்தில் இருக்கும். காவல் மென்பொருள் நிறுவனங்களின் முகவரிகள் 127.0.0.1 என்ற எண்ணுடன் எழுதப்பட்டிருந்தால் அந்த வரிகளை நீக்க வேண்டும். அதன் பிறகே புதிய மென்பொருளை நிறுவ வேண்டும்.

இவ்வளவுக்குப் பின்னும் அறிகுறிகள் தொடர்ந்தால், ஆவணங்களையும் படங்களையும் மட்டும் படியெடுத்துக்கொண்டு, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதே பாதுகாப்பு. இயங்கு கோப்புகள் எதையும் படியெடுக்கக் கூடாது. விண்டோஸ் 11க்குத் தகுதியற்ற பழைய கணினியாயின், சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறலாம்.

செய்யக் கூடாதவை

- திரையில் திடீரெனத் தோன்றும் உதவி எண்ணை அழைக்காதீர்கள். பிழைச்செய்தியைத் தேடும்போது கிடைக்கும் எண்களையும் நம்பாதீர்கள். உதவுவதாகச் சொல்லித் தொலைவிலிருந்து கணினியை இயக்கும் செயலியை நிறுவச் செய்து, வங்கிப் பணத்தை எடுப்பது பரவலான மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.
- உரிமம் இல்லாமல் இயங்கும்படி திருத்தப்பட்ட காவல் மென்பொருளைப் பயன்படுத்தாதீர்கள். காவலுக்கு வைத்ததே களவு செய்யக்கூடும்.
- ஒன்று ஏறவில்லை என்று அடுத்தடுத்து மூன்று நான்கு மென்பொருள்களை நிறுவாதீர்கள். ஒவ்வொன்றின் மிச்சமும் அடுத்ததற்குத் தடையாகும்.
- ஜெராக்ஸ் கடையில் விண்ணப்பம் அச்சிட்டுத் திரும்பிய பென் டிரைவைச் சோதிக்காமல் திறக்காதீர்கள்.

பிழை எண்ணைக் குறித்து வைத்தல்

எந்த நிலையிலும், திரையில் வரும் பிழை எண்ணையும் செய்தியையும் அப்படியே ஒரு தாளில் எழுதிவையுங்கள், அல்லது கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் சொந்த உதவிப் பக்கத்தில் அந்த எண்ணைத் தேடினால் பெரும்பாலும் விடை கிடைக்கும். பழுது பார்ப்பவரிடம் கொண்டுபோனாலும், ஆன்டிவைரஸ் ஏறவில்லை என்று மட்டும் சொல்வதைவிட, எந்த இடத்தில் எந்தச் செய்தியுடன் நின்றது என்று சொன்னால் அவர் வேலை எளிதாகும். வட்டை முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டிய தேவையும் பல நேரங்களில் இராது.