பனிப்பாலையில் பேரரசப் பெங்குயின்

கோணேசர் மலையில் நின்று கீழ்க்கடலை நோக்குவார்க்கு அந்நீர்ப்பரப்பின் தென்னெல்லை யாதென்னும் வினா எழுதல் இயல்பே. நம் துறைமுகத்தை நீங்கிய கப்பலொன்று கீழ்க்கரை வழியே இறங்கி, ஈழத்தைக் கடந்து நேர்தெற்கே செல்லுமாயின், அந்தாட்டிக்காவின் பனிக்கரையை எய்துங்காறும் இடையே நிலம் காணாது. அக்கரையில், நம் நெடுங்கோட்டுக்குச் சற்று மேற்கே, அமண்டா குடாவிற் பேரரசப் பெங்குயின்கள் கூடி முட்டையிடுகின்றன. அவற்றை நம் கடலின் மறுகரை அயலார் எனல் பிழையாகாது.

இப்பறவை பறக்கவியலாதது, ஆயின் 500 மீற்றருக்கும் அதிகமான ஆழத்துக்கு மூழ்க வல்லது. தென்முனையிற் குளிர் தொடங்கும் மே, யூன் மாதங்களிலேயே இது முட்டையிடும். இஃது அறியாமை போலத் தோன்றினும் காரணமுடையது. அடைகாத்தற்கு இரண்டு மாதமும் குஞ்சு வளர்தற்கு ஏறக்குறைய ஐந்து மாதமும் வேண்டும். இரை மலிந்த கோடையிற் குஞ்சு கடலிறங்குதற்கு வேறு வழியில்லை.

பெண் ஒரேயொரு முட்டையிட்டு, அதனை ஆணின் பாதங்களுக்கு மாற்றிவிட்டு இரைதேடிக் கடலேகும். இம்மாற்றமே இடர்மிக்க கணம். பனிமேல் உருண்ட முட்டை விரைவில் உறைந்தழியும். ஆண் அதனை வயிற்றின் தோன்மடிப்பால் மூடி ஏறத்தாழ 65 நாள் நிற்கும். கூடுதற்கு வந்த நாள்முதல் எண்ணின் அதன் உண்ணாநோன்பு ஏறக்குறைய நான்கு மாதமாகும். கடுங்காற்றுக்கு ஆற்றாது நூற்றுக்கணக்கான ஆண்கள் நெருங்கி நிற்கும்; சிற்றடி வைத்து நகர்தலால் புறத்தது அகம் புகும், அகத்தது புறம் வரும். அந்நெருக்கத்தின் நடுவே வெப்பம் 37 பாகை வரை உயர்வதுண்டு. ஆணையிடுவார் எவருமின்றி இம்முறை நிகழ்தல் எண்ணுந்தோறும் வியப்பே. பெண் மீளுமுன் குஞ்சு பொரிப்பின், பட்டினி கிடந்த தந்தையே பால்போன்ற நீரைச் சுரந்தூட்டும். நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவின் மாடப்புறாக்களும் தம் குஞ்சுகளுக்கு இவ்வாறே சுரந்தூட்டுவன.

இம்முட்டைகளை நாடி 1911 இல் வில்சன், பவர்ஸ், செரி-கராட் என்னும் மூவர் குளிர்கால இருளிற் குறோசியர் முனைக்கு நடந்தனர். குளிர் சுழியின் கீழ் 60 பாகையைத் தொட்டது. எடுத்த ஐந்து முட்டைகளுள் இரண்டு வழியில் உடைந்தன. பறவைக்கும் ஊர்வனவற்றுக்கும் உள்ள தொடர்பை அக்கருக்கள் காட்டுமென அவர் நம்பினர், அந்நம்பிக்கை கைகூடிற்றில்லை.

இன்று வந்துள்ள இடர் வேறு. இவை நிற்பது பெரும்பாலும் நிலமன்று, கரையோடு இறுகிய கடற்பனி. குஞ்சுக்கு நீர்புகாச் சிறகு முளைக்குமுன் அது உடையின் குஞ்சு மாயும். 2022 இறுதியிற் பெலிங்சவுசன் கடற்பகுதியின் ஐந்து கூட்டங்களுள் நான்கில் குஞ்சுகள் பிழைத்தில எனச் செய்மதிப் படங்கள் காட்டின. இடம்பெயரும் இயல்பும் இவற்றுக்கு உண்டு. 2016 இல் ஹலி குடாவிற் பனி உடைந்தபின் பல பறவைகள் அண்மையிலுள்ள டோசன்-லம்ப்டன் பனியாற்றருகே குடியேறின. அங்கும் பனி நிலைத்தல் வேண்டும்.