காக்கிக்கு முந்தைய ஏழு மாதம்

தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகிறவர் ஏழு மாத அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். தேர்வுக்காகவே ஆண்கள் 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடிப் பழகியிருப்பார்கள். அதனால் உடம்பு ஓரளவு தயாராகத்தான் வருகிறது. மனத்தைத் தயார் செய்துகொண்டு வருகிறவர்கள் அரிது.

முதல் சில வாரங்கள்தான் பலரையும் உலுக்கிவிடுகின்றன. தலைமுடி ஒட்ட வெட்டப்படுகிறது. விடியுமுன் விசில், பிறகு கவாத்து, வகுப்பு, மறுபடி கவாத்து, ராத்திரி ரோல் கால். தனியாக இருக்க ஒரு மூலைகூடக் கிடைக்காது. செல்போன் கையில் இருக்கும் நேரமும் சுருங்கிவிடும். தங்கை கல்யாணத்துக்கோ, பாட்டியின் சாவுக்கோ நினைத்த நேரத்தில் கிளம்ப முடியாது. இந்த வேலைக்குக் கல்வித் தகுதி பத்தாம் வகுப்புதான் என்றாலும் பட்டதாரிகளும் பொறியியல் படித்தவர்களும் வரிசையில் நிற்கிறார்கள். நேற்றுவரை வீட்டில் செல்லப்பிள்ளை, ஊரில் படித்த பையன். இன்று எல்லார் முன்னாலும் திட்டு வாங்கவேண்டும்.

ஒருவர் கால் தப்பினால் ஸ்குவாடே மைதானத்தைச் சுற்றி ஓடுவதும் உண்டு. ஓடிய களைப்பு ராத்திரி தூங்கினால் போய்விடும். தன்னால் இத்தனை பேர் ஓடினார்களே என்ற கூச்சம் அவ்வளவு சீக்கிரம் போகாது. கலவரக் கும்பலுக்கு எதிரே ஆளாளுக்கு ஒன்றைச் செய்தால் உயிருக்கே ஆபத்து என்பதால் கட்டளைக்குச் சட்டென்று கட்டுப்படும் பழக்கம் தேவைதான். அதற்கு அவமானமும் தேவையா என்பது வேறு கேள்வி. திட்டு வாங்கியே வளர்ந்தவர் நாளை ஸ்டேஷன் வாசலில் மனுவோடு நிற்கிறவரிடம் அதே குரலில் பேசக்கூடும்.

பெண்களுக்குக் கூடுதல் சுமைகள் உண்டு. 1973இல் ஒரு உதவி ஆய்வாளர், ஒரு தலைமைக் காவலர், 20 காவலர்களோடு தொடங்கிய பெண் காவலர் பிரிவு இன்று பல மடங்கு பெருகிவிட்டது. ஆனாலும் மாதவிலக்கு நாளில் கவாத்துக்கு ஓய்வு கேட்பதற்குள் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. கைக்குழந்தையை அம்மா வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்களுக்குப் போன் பேசும் நேரம் ஆறுதலாகவும் இருக்கும், வேதனையாகவும் இருக்கும்.

வகுப்பறையில் வேறொரு சிக்கல். 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட புதிய சட்டங்களோடு, டி.கே. பாசு வழக்கில் கைது பற்றி உச்ச நீதிமன்றம் வகுத்த நெறிகளும் பாடத்தில் உண்டு. மைதானத்தில் ‘ஏன்’ என்று கேட்கக் கூடாது. கைது செய்யும்போதோ ஏன் என்பதைக் கைதாகிறவரிடம் சொல்லியே தீரவேண்டும். கேள்வி கேட்காமல் பணிவதும் சட்டத்தைப் பார்த்து நிதானிப்பதும் ஒரே ஆளிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. பயிற்சியிலேயே கடினமான இடம் இதுதான். கால அட்டவணையில் இதற்கென்று ஒரு பீரியட் கிடையாது.

கலவரத் தடுப்புப் பயிற்சியில் லத்தியை வீசுவதைவிட வீசாமல் நிற்பதுதான் கஷ்டம். எதிரே நிற்பவர்கள் கத்தினாலும் வசைபாடினாலும் கேடயத்தை இறக்காமல், பதில் பேசாமல் நிற்கவேண்டும். வந்த கோபத்தை விழுங்கக் கற்றுத் தருகிறார்கள். விழுங்கிய பிறகு அதை என்ன செய்வது என்பது சிலபஸில் இல்லை.

நடைமுறைப் பயிற்சிக்குக் காவல் நிலையம் போகும்போது முதல் பிணத்தைப் பார்க்க நேரலாம். தூக்கில் தொங்கியவரின் உடலுக்குக் காவல் நிற்பது, அரசு மருத்துவமனைப் பிணவறைக்குக் கூடவே போவது, பரிசோதனை முடிந்ததும் துணிமணிகளைக் கணக்குப் பார்த்து வாங்குவது எல்லாம் காவலர் வேலைதான். வாடை சட்டையில் ஏறிக்கொள்ளும். அன்று மெஸ்ஸில் சோறு இறங்காது. அழுதால் கேலி செய்வார்களோ என்று சிரித்துச் சமாளிக்கிறார்கள். மூத்தவர்களின் கறுப்பு நகைச்சுவைக்கும் இதுதான் ஊற்று.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் துணையோடு தமிழகக் காவல்துறை நடத்தும் நிறைவாழ்வுப் பயிற்சி, காவலர்களின் மனநலத்தையும் குடும்பத்தையும் சேர்த்தே பார்க்கிறது. ஆனால் ஆலோசகரிடம் போனால் ‘வீக்’ என்று பெயர் வந்துவிடுமோ என்ற பயம் பயிற்சிக் காவலரை லேசில் விடுவதில்லை. நடைமுறையில் அவரைத் தாங்குவது பக்கத்துக் கட்டில்காரர்தான்.

பாசிங் அவுட் அணிவகுப்பில் பெற்றோர் பெருமையோடு தொப்பியைச் சரிசெய்து படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அதன்பிறகு ஓர் ஏமாற்றமும் காத்திருக்கிறது. புதியவர்களில் பெரும்பாலோர் முதலில் போவது ஆயுதப்படைக்கோ தமிழ்நாடு சிறப்புக் காவல் படைக்கோதான். ஸ்டேஷன் வேலை கிடைக்க ஆண்டுகள் ஆகும். அதுவரை பாரா, பந்தோபஸ்து. விழுந்து விழுந்து படித்த சட்டப் பிரிவுகள் நோட்டிலேயே கிடக்கும்.